இறங்கத் தோதான இடம்

என் கணவர் சிம்பாங் பூலாயில் கல் குவாரி லோரி ஓட்டியவர். இனிப்புநீர் வியாதி கண்ணைப் பிடித்த பிறகு, லைசன்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அன்றிலிருந்து ஈப்போ வீட்டில்தான் இருக்கிறார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்களே, ஓட்டிய கையும் அப்படித்தான். நான் ரசத்துக்குப் புளி கரைப்பதில்கூடக் குற்றம் கண்டுபிடித்தார். நானும் விடுகிற ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

தொல்லை தாங்காமல் எங்கள் மகள் கம்ப்யூட்டரில் அவருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தாள். நிலாவுக்கு மறுபடியும் மனிதர்களை அனுப்பப் போகிறார்களாம். எங்கே இறங்கினால் ஆபத்தில்லை என்று பார்க்க, மேலிருந்து எடுத்த படங்களில் குழிகளையும் பாறைகளையும் குறித்துத் தர வேண்டும். சம்பளம் கிடையாது. விருப்பமுள்ள யாரும் செய்யலாம்.

"வெயில் வர்ற பக்கமே நிழல் கிடந்தா அது குழி. எதிர்ப்பக்கம் விழுந்தா கல்லு. குவாரியில லோரி ஓட்டுனவனுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா?" என்று அலட்டிக்கொள்வார்.

காலையில் பசியாறியதும் உட்கார்ந்துவிடுவார். நான் பின்னால் நின்று கல் என்பேன். அவர் குழி என்பார். "நிலாவுக்குமா சண்டை?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார். அந்த மாதங்களில் அவர் பழையபடி இருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு திரையில் மூக்கு முட்டுகிற மாதிரி குனிய ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்றார்கள். வீட்டுக்கு வந்தால், "எல்லாம் தெளிவா தெரியுது லா" என்பார். நானும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டேன்.

போன மாதம் ஒரு நாள் அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. இப்படி ஒரு எடம் இதுவரைக்கும் வந்ததே இல்ல. ஒரு கல்லு இல்ல, ஒரு குழி இல்ல. ஆயர் தாவார் தோட்டத்துல நாங்க பந்து வெளையாடுன பாடாங் மாதிரி சமமா கிடக்கு. தாராளமா இறங்கலாம்."

போய்ப் பார்த்தேன். படம் முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஓரத்தில் பாறைகள் சிதறிக் கிடந்தன. அவர் ஒன்றைக்கூடக் குறிக்கவில்லை. அவர் முகத்திலோ அவ்வளவு சந்தோஷம். எந்த வாயால் சொல்வது?

"ஆமாங்க, நல்ல எடம்தான்" என்றேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"நான் சொல்லி நீ என்னைக்கு ஒத்துக்கிட்ட லா?" என்றார். மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குழி நெறைய இருக்கா?"