அம்மன் புடவையில் ஒரு ஜாக்கிச் சட்டை

அம்மனுக்கு நேர்ந்துவைத்த பட்டுப்புடவையை நான் கத்தரித்தேன். கத்தரித்து, குதிரையேறும் ஒரு ஜாக்கிக்குச் சட்டை தைத்தேன்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் நாத்தனார் கனகத்தைச் சந்திக்கப் போவதில்லை என்ற தைரியம்தான்...

எழுபதுகளின் தொடக்கம். புதுவாயலில் எங்களுக்கு நெல் மில் இருந்தது. என் கணவருக்குக் குதிரைப் பித்து. கிண்டியில் அடுத்தவர் குதிரை ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தானே ஒரு பெண் குதிரையை வாங்கிவிட்டார். வாங்கினால் மட்டும் போதாதாம். குதிரை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனி வண்ணம் வேண்டுமாம். ஜாக்கி அந்த வண்ணத்தில்தான் சட்டையும் தொப்பியும் அணிய வேண்டும். இன்னொருவருடையதைப் போல இருந்தால் ரேஸ் கிளப்பில் பதியமாட்டார்கள்.

நீலம் கேட்டார். அது யாரோ ஒரு ஜமீன்தாருடையது. வெள்ளையில் சிவப்புப் பட்டை கேட்டார். அதுவும் போய்விட்டது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை! கடைசியில் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலில்தான் பொறி தட்டியது. அவ்வளவு ஜனத்திலும் மஞ்சள் சேலை கட்டி வேப்பிலை ஏந்தி வந்தவர்கள் தனியாகத் தெரிந்தார்களாம்.

"தூரத்துலேர்ந்தே கண்ணுல படணும்மே. அதான் கலரு" என்றார்.

மஞ்சள் உடம்பு, வேப்பிலைப் பச்சையில் கைகள், சிவப்புத் தொப்பி. கிளப் ஒப்புக்கொண்டது. பட்டுத்துணி வாங்கி என் மிஷினில் நானே தைத்தேன். எத்தனை பெருமை எனக்கு!

முதல் பந்தயத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அவர் குதிரையோடு கிண்டியில் இருந்தார். மறுநாள் காலை ரயிலில் சட்டையை நான் கொண்டுபோக வேண்டும். கண் பட்டுவிடுமே என்று அதைப் பலகையில் விரித்து, ஆரத்தி சுற்றினேன். சட்டைக்கு யாராவது ஆரத்தி சுற்றுவார்களா? நான் சுற்றினேன்! தட்டு சரிந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் நெஞ்சுப் பக்கம் முழுக்கக் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை இன்னும் பரவியது.

பதிந்த வண்ணம் இல்லாமல் ஜாக்கி ஏறினால் அபராதம். அதைவிட, ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மனிதரின் முகம்...

பீரோவில் கனகத்தின் புடவை இருந்தது. பச்சைக் கரை போட்ட மஞ்சள் பட்டு. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த மகளுக்காகப் பவானியம்மனுக்கு அவள் நேர்ந்துகொண்டது. குழந்தையை ஒருமுறை அதில் கிடத்தி எடுத்து, மடித்து, "ஆடி வரிக்கும் உன்னாண்டயே இருக்கட்டும் அண்ணி" என்று கொடுத்திருந்தாள். அடுத்த தெருவில்தான் வீடு. போய்க் கேட்டிருக்கலாம். சாமிப் புடவையைத் தரமாட்டாள் என்று தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

கத்தரிக்கோல் பட்டில் எவ்வளவு சுலபமாக ஓடியது, தெரியுமா!

மறுநாள் கனகமும் குழந்தையோடு கிண்டிக்கு வந்தாள். ஜாக்கி குதிரையேறி வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, நம்ம சாமி பொடவ கலராட்டமே கீது பாரு."

நான் கையை உருவிக்கொண்டேன். அதற்குள் குதிரைகள் கிளம்பின. தூரத்தில், புழுதிக்கு நடுவே, ஒரு மஞ்சள் புள்ளி! முதலில் நான்காவது... அப்புறம் இரண்டாவது... நான் நாற்காலியில் ஏறிவிட்டேன். கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கனகம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குதித்தாள். ஒரு குதிரைத்தலை வித்தியாசத்தில் ஜெயித்தோம்! என் கணவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில் என் மனத்தில் குற்ற உணர்ச்சி என்று ஒரு துளி இருந்ததா? இல்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. கத்தரித்ததைவிட அதுதான் என்னை உறுத்துகிறது...

ஆடி மாதம் அம்மனுக்கு நான் கொடுத்தது வேறு புடவை. அதே மஞ்சள், அதே பச்சைக் கரை, ஆனால் பட்டு மாதிரி மினுக்கும் செயற்கை நூல். குழந்தையின் உடம்பு படாத புடவை. பூசாரி அதைச் சாத்தியபோது கனகம் கண் கலங்கிக் கும்பிட்டாள். பக்கத்தில் நானும் கும்பிட்டேன்.

பிறகு சர்க்கார் தடைபோட்டு ரேஸே நின்றுபோயிற்று. சட்டை பெட்டிக்குள் போனது. கனகத்தின் மகள் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டிக்கு ஜாக்கியாகப் போக ஆசைப்பட்டபோதுதான் மறுபடி எடுத்தேன். முழங்கால் வரை தொங்கும் சட்டையோடு, துடைப்பத்தைக் குதிரையாக்கி, மில் களத்தில் காயும் நெல்லைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கோழிகள் நாலா பக்கமும் பறந்தன. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கனகம் சட்டையின் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். "இன்னா பட்டு அண்ணி! இவுளுக்குன்னே நெஞ்ச மாதிரி கீது" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் ஆடிதோறும் என்னைப் பெரியபாளையத்துக்கு அழைத்துப் போகிறாள். சன்னிதியில் நின்று, தவறாமல் ஒன்றைச் சொல்வாள்.

"நீ பத்திரமா வச்சிருந்து குடுத்த பொடவ அண்ணி. அத்தொட்டுதான் என் பொண்ணு நல்லா கீறா."

அம்மன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆமா கனகம்" என்பேன்.