திருப்பித் தரும் தேதி

லேப் அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளியில் அவளை அக்கா என்று கூப்பிடாத ஆள் கிடையாது, அவளைவிடப் பதினைந்து வயது மூத்த தலைமையாசிரியைகூட "அக்கா எங்க?" என்றுதான் கேட்பார். ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பதும், அமில பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவதும், பிள்ளைகள் எதையாவது உடைத்தால் தொண்டை கிழியக் கத்துவதும் அவள் வேலை. கத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் தனக்கென்று ஒன்றைக் கேட்க மட்டும் வாய் வராது. அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். அங்கே ஃபேன் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்குகிறது, அதைச் சொன்னதே இல்லை.

அப்படிப்பட்டவளைத்தான் ஓர் இணையதளம் பிடித்து ஆட்டி வைத்தது.

அக்கம்பக்கத்தில் நான்கு பள்ளிகள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. ஒரு பள்ளியில் மைக்ராஸ்கோப் தூசி படிந்து கிடக்கும். அடுத்த தெருப் பள்ளியில் பிள்ளைகள் வெங்காயத் தோலைப் புத்தகப் படத்தில் பார்ப்பார்கள். இதற்கொரு வழி செய்கிறேன் என்று பெரிய பள்ளியின் கணினி ஆசிரியர் நான்கு பள்ளிக்கும் பொதுவாக ஒரு தளம் உண்டாக்கினார். என்ன பொருள் வேண்டும், எந்தப் பள்ளியிடமிருந்து, திருப்பித் தரும் தேதி என்ன, எல்லாவற்றுக்கும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். இந்தப் பருவம் முடியும்வரை வெள்ளோட்டம். பிறகு தலைமையாசிரியர்கள் கூடி, வைத்துக்கொள்வதா மூடுவதா என்று சொல்வார்கள்.

மற்றவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் ஒரு தராசு கேட்டாள். இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளியின் ஆய்வக உதவியாளர் அதைத் துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, கைக்குழந்தையை ஏற்றி வருவதுபோல மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். நல்ல மழை. குடை தராசுக்கு, மழை அவருக்கு. அன்றே பிள்ளைகள் 'தராசு சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவர் போனதும் அக்கா குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: "தராசு நலம். கொண்டுவந்தவர் தொப்பலாக நனைந்தார். அவர் நலமா?"

மறுநாள் பதில் இருந்தது: "கொண்டுவந்தவருக்கு இரண்டு தும்மல். தராசுக்கு அதுவும் இல்லை."

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோதனைக்குழாய் விழுந்து உடைந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். உடைத்தது அக்கா என்பதால் கத்துவதற்கு ஆளில்லை.

அப்புறம் பைத்தியம்தான். அக்காவுக்கு லென்ஸ் வேண்டும். முப்பட்டகம் வேண்டும். தன் அலமாரியிலேயே குவிந்து கிடக்கும் இடுக்கியும் வேண்டும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சோதனைக்குழாய் தாங்கிகளைக் கேட்டால் ஒரு நாளைக்கு ஒன்று என்றுதான் கொண்டுவருவார். "மொத்தமாக ஏற்றினால் சைக்கிளுக்குக் கஷ்டம்" என்று அவர் குறிப்பு. "சைக்கிளின் கஷ்டம் புரிகிறது. நாளைக்கும் வரட்டும்" என்று இவள் குறிப்பு. அவருக்கும் குடும்பம் என்று சொல்லிக்கொள்ள வயதான அப்பாவும் அந்தச் சைக்கிளும்தான். நேரில் பார்த்துக்கொண்டாலோ இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "வாங்க சார்." "வச்சிட்டேன் மேடம்." அத்தோடு சரி. பேச்செல்லாம் கட்டத்துக்குள்.

ஒருநாள் காலையில் அவள் தலைசீவி, பையை மாட்டி, படியில் தடதடவென்று இறங்கியபோது அண்ணி வழிமறித்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"ஸ்கூலுக்கு அண்ணி."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

அக்கா அசடு வழிந்துகொண்டே மாடியேறினாள். அண்ணி அன்று முழுக்கச் சிரித்தாள்.

இந்தக் கிறுகிறுப்பில் ஒரு விஷயத்தைக் கோட்டைவிட்டார்கள். தளத்தில் அவர்களுடைய இரண்டு பள்ளிகளின் பேர் மட்டுமே இருந்ததால், குறிப்பையும் தாங்கள் இருவர் மட்டுமே பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எதுவும் கேட்காததால்தான் அவர்கள் பேர் வரவில்லை என்பது இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. பொருளை வருஷக்கணக்காகச் சரிபார்த்து வாங்கியவர்கள், இதைச் சரிபார்க்கவில்லை.

பருவம் முடிந்தது. அக்காவின் பள்ளி நூலகத்தில் கூட்டம். நான்கு பள்ளி ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். தராசு சாரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு ஒரே கவலை. தளத்தை மூடிவிட்டால் தராசு சார் எந்தச் சாக்கில் வருவார்? சாக்கில்லாமல் வாருங்கள் என்று சொல்ல இவளுக்குத் தெரியாது. வர அவருக்குத் தெரியாது.

"பொருள் வாங்கினது ரெண்டே பள்ளி. இதுக்கு எதுக்கு ஒரு தளம்? மூடிடலாம்" என்றார் பெரிய பள்ளியின் தலைமையாசிரியர்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் கணினி ஆசிரியர். "நாலு பள்ளியிலயும் டீச்சருங்க தினமும் திறந்து பாக்குறாங்க. காலையில அட்டெண்டன்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடியே பாக்குறாங்க."

"எதுவுமே கேக்காதவங்க என்னத்தப் பாக்குறாங்க?"

கணக்கு டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கணினி ஆசிரியர் வெகுளி. பார்த்துவிட்டால் போச்சு என்று குறிப்புக் கட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். எல்லார் கண்ணுக்கும் நேராக அக்காவின் கடைசிக் குறிப்பு: "இன்று சைக்கிள் மணி கேட்கவில்லை. ஆய்வகம் வெறிச்சோடிக் கிடக்கிறது."

மானம் கப்பலேறியது. நூலகம் சிரிப்பில் அதிர்ந்தது. "எங்க ஸ்டாஃப் ரூம்ல நான்தான் தினமும் சத்தமா வாசிப்பேன்" என்றார் ஒருவர். "அந்தத் தும்மல் எனக்கு மனப்பாடம்" என்றார் இன்னொருவர். மூடச் சொன்ன தலைமையாசிரியரே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூட வேணாம். மூடினா எங்க டீச்சருங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க. ஆனா படிக்கிறவங்க எல்லாம் இனிமே ஆளுக்கு ஒரு பொருளாவது கேக்கணும்!"

தளம் பிழைத்தது. மைக்ராஸ்கோப் தூசி தட்டிக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. பிள்ளைகள் நிஜ வெங்காயத் தோலைப் பார்த்தார்கள். ஆனால் தராசு சார் காது சிவக்க எழுந்து, தேநீர்கூடக் குடிக்காமல் போனவர் போனவர்தான். அவர் பள்ளிப் பொருள் இப்போது வாட்ச்மேன் கையில் வந்தது. குறிப்பு: "பொருள் ஒன்று. நல்ல நிலையில்."

இதை அக்கா ஒரு தடவை பொறுத்தாள். இரண்டாம் தடவை பொறுத்தாள். அடுத்த தடவை, ஒரு மதிய இடைவேளையில், உடைத்த பிள்ளைகள்மேல் வருகிற அதே கோபம் அவளுக்கு வந்தது. நேராக ஆசிரியர் அறைக் கணினிக்குப் போய் உட்கார்ந்தாள். டீச்சர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தேவையான பொருள்: தராசு சார். குறிப்பு: சாக்கு எதுவும் இல்லை.

அனுப்பு என்று அழுத்தினாள். போகவில்லை. சிவப்பெழுத்தில் வந்தது: 'திருப்பித் தரும் தேதி கட்டாயம்.'

அக்கா போனை எடுத்தாள்.

"சார், நான்தான். ஒரு பொருள் கேக்குறேன். திருப்பித் தர்ற தேதி போடலைன்னா தளம் ஏத்துக்க மாட்டேங்குது."

"என்ன பொருள் மேடம்?"

இந்தத் தடவை வாய் வந்தது.

"நீங்கதான்."

எதிர்முனையில் ஒரு தும்மல் கேட்டது. கணக்கு டீச்சர் அக்காவின் தோளை இறுகப் பிடித்தார்.

"மேடம், அதுல இருக்கற காலண்டர் எந்த வருஷம் வரைக்கும் போகுது?"

அக்கா அம்புக்குறியை அழுத்திப் பிடித்தாள். வகுப்பு மணி அடித்தது. ஒரு டீச்சரும் நகரவில்லை. திரையில் வருஷங்கள் விறுவிறுவென்று ஓடின.

"போயிட்டே இருக்கு சார்" என்றாள்.