ஷேருக்கு ஏது அறுவடை?

கன்னியம்மாள் அக்கா ஷேர் சர்டிபிகேட்டை மஞ்சள் பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தது ஒரு பங்குனி மாதம்.

எண்பதுகளின் நடுவில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் சப்-புரோக்கர். புதுக் கம்பெனிகளின் ஷேர் விண்ணப்பங்களைச் சென்னையிலிருந்து கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, என் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ஊர் ஊராகக் கொடுப்பேன். அந்தப் படிவத்துக்கு ஷேர் கிடைத்தால் எனக்குக் கமிஷன். படிப்பு எட்டாம் வகுப்பு; மற்றதெல்லாம் பேப்பர் பார்த்துக் கற்றது. பேசத் தெரியும், அது போதுமாக இருந்தது.

அக்காவுக்கு மானாம்பதியில் ஒன்றரை ஏக்கர். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். கிணறு ஆழப்படுத்த வைத்திருந்த பணத்தை அக்கா என் பேச்சை நம்பி ஒரு புதுக் கம்பெனி ஷேரில் போட்டார். ஒரு வருஷத்தில் விலை இரண்டு மடங்காகியிருந்தது.

"நைனா, கெணத்துல தண்ணி அடிக்குப் பூட்ச்சி. சித்திரயில சொர்ணவாரி நெல்லு நடவு, அதுக்குள்ள வெட்டணும். இத்த வித்துக் குடு."

"இன்னாக்கா அவசரம்? ஏறிக்கினு கீது. ஆடி வரிக்கும் பொறு."

"கெணத்தாண்ட போயி உன் பேப்பர படிச்சிக் காட்டட்டா? தண்ணி ஊறுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வேர்க்கடல வெல ஏன்க்கா எறங்குது? அறுவட முடிஞ்சி மூட்ட வந்து குவியுது, எறங்குது. ஷேருக்கு ஏது அறுவட? வரத்தே இல்லாத சரக்கு எப்டி எறங்கும்?"

கடலை விற்றுப் பழகியவருக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். "நீ சொன்னா சரி" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வரத்து இருந்தது. வாராவாரம் வந்த புது விண்ணப்பங்கள்தான் அந்த வரத்து. அதைச் சுமந்து ஊரெல்லாம் கொட்டியவனும் நான்தான். பணமெல்லாம் புதுச் சரக்குக்குப் போனது, பழையதை வாங்க ஆளில்லை. ஆடி பிறக்குமுன் விலை அவர் போட்டதில் பாதியானது. அப்புறம் அந்தக் கம்பெனியின் பெயரே பேப்பரில் வரவில்லை.

கிணறு வெட்டவில்லை, சொர்ணவாரி நடவில்லை. மறு வருஷம் நிலத்தைப் பக்கத்து நிலத்துக்காரருக்கு விற்றுவிட்டு, அதிலேயே கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார். போய் வரப்பில் நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"உனுக்கும் ரொம்ப நஷ்டமா நைனா?" என்று கேட்டார்.

என்னிடம் ஒரு ஷேர்கூட இருந்ததில்லை. கமிஷன் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுத்திருந்தேன்.

"ஆமாக்கா" என்றேன்.

"பாவம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து களையைப் பிடுங்கினார்.

ஏற்றம் எத்தனை நாள் நிற்கும் என்று கணிப்பது எப்படி என இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவனிடம், அவன் எவ்வளவு வைத்திருக்கிறான் என்று கேளுங்கள். அக்கா அதை என்னிடம் கேட்டார். ஒரு வருஷம் பிந்திக் கேட்டார். அப்போதும் நான் பொய்தான் சொன்னேன்.