முன்னால் நிற்கிற நத்தை

“ம்ஹும், இவனும் நிதானக்காரன். வேண்டாம்” என்று சொல்லி, அப்போதுதான் முட்டையிலிருந்து எட்டிப் பார்த்த குஞ்சை டூட்டி அக்கா ஒதுக்கிவிட்டார். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து இது பதினேழாவது. ஒதுக்கிய கையோடு டிபன் டப்பாவை மூடினார், மேஜையில் சிந்தியதைத் துடைத்தார், பதினெட்டாவது முட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நடந்தது அவர் இல்லை. அவர் கையிலிருக்கும் விளையாட்டுக் கருவியின் திரையில் தொப்பி போட்ட ஒரு பெண் நடந்தாள். அவள் நடந்தால்தான் முட்டை பொரியும்.

பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த வண்டியை எந்த ரூட்டில் எடுக்க வேண்டும் என்று தினமும் எழுதி ஒட்டுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். வயது நாற்பத்தொன்பது. கண்ணாடி மூக்கு நுனியில் இருக்கும், பேனா காதில் இருக்கும், பேனா எங்கே என்று தேடுகிற கை மேஜையெல்லாம் துழாவும். டிரைவர்களில் ஒரு நிதானக்காரன் கிடைக்கமாட்டானா என்று இருபது வருடமாக ஏங்குகிறவர், விளையாட்டில் மட்டும் நிதானக்காரனைக் கண்டால் துரத்திவிடுகிறார். “இந்த இடத்துக்கு எனக்கு ஒரு அவசரக்குடுக்கைதான் வேணும். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள அடிச்சிட்டு வரணும்” என்பது அவர் கணக்கு.

விளையாட்டு சின்னப் பிள்ளைகளுக்கானது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. ஹாஸ்டலுக்குப் போன மகள் விட்டுச் சென்றதைத் தூசி தட்ட எடுத்தவர், இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் நூற்றுக்கணக்கான பூதங்கள். பிடிக்கலாம், வளர்க்கலாம், மோதவிடலாம். ஆறு பூதம் சேர்ந்தது ஓர் அணி. ஆறில் நான்கு களத்துக்குப் போகும். ஒரு நேரத்தில் இரண்டு முன்னால் நிற்கும். நெருப்பைத் தண்ணீர் அணைக்கும், தண்ணீரைச் செடி குடிக்கும், செடியை நெருப்பு எரிக்கும். இவ்வளவுதானே என்று உட்கார்ந்தால் தொலைந்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம், நான்கே நான்கு வித்தை, கையில் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு சாமான். எதற்கு எதைக் கொடுப்பது என்று யோசித்தபடி அக்கா அடுப்பில் பாலைப் பொங்கவிட்ட நாட்கள் உண்டு. “வீட்டுல நான் ஒரு பூதம் இருக்கேன், என்னைக் கவனிக்க ஆள் இல்லை” என்று கணவர் அடுப்பை அணைத்துவிட்டுப் போவார்.

அணி சேர்ப்பதில் அக்காவுக்கு ஒரு கொள்கை இருக்கிறது. டிப்போவில் கற்றதுதான். “ஆறும் பலசாலியா இருந்தா அது டீம் இல்ல, ரவுடிக் கும்பல். ஒருத்தன் ஓடணும், ஒருத்தன் அடிக்கணும், ஒருத்தன் வாயைத் திறக்காம அடி வாங்கணும். அப்பத்தான் வண்டி நகரும்.”

பூதங்களுக்கு நாமே பெயர் வைக்கலாம் என்று அந்த விளையாட்டில் ஒரு வசதி. வினை அங்கேதான் பிடித்தது. அக்காவுக்குப் பெயருக்கா பஞ்சம்? வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருக்கிறவர்களின் பட்டப்பெயர்களையே வைத்துவிட்டார். பறக்கிற பல்லிக்கு ராக்கெட். அந்த டிரைவர் வளைவில்கூட வேகத்தைக் குறைக்கமாட்டார். மலை மாதிரி இருக்கும் நெருப்புக் கரடிக்கு மழைக்காரர். அவர் ஆள் ஆறடி, தூறல் விழுந்தால் அன்றைக்கு லீவு. கெட்டி ஓட்டோடு மெதுவாக ஊர்ந்து வரும் நத்தைக்கு ஸ்பேர்.

ஸ்பேர் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பத்தாறு வயது. பதினோரு வருடமாக ஸ்பேர் டிரைவர். அதாவது அவருக்கென்று ரூட் கிடையாது. யார் வரவில்லையோ, எந்த வண்டி வழியில் நின்றுவிட்டதோ, எதை எடுக்க ஒருவரும் முன்வரவில்லையோ, அது அவருடையது. ஏரிக்கரை ரூட் கொடுங்கள் என்று எப்போதோ ஒரு முறை கேட்டார். “பார்க்கலாம் அண்ணே” என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை, இவர் பார்க்கவும் இல்லை. வாயில்லாப் பூச்சி.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இந்த விளையாட்டில் போட்டி. வருடத்துக்கு ஒரு முறை, நூலகத்தின் மாடி ஹாலில், மூன்று சுற்று. மூன்றையும் ஜெயித்தால் நாடு முழுவதற்குமான பெரிய போட்டிக்கு இடம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அக்கா மூன்றாவது சுற்றில் மண்ணைக் கவ்வினார். இரண்டு முறையும் கவ்வ வைத்தது ஒரே பல் டாக்டர். அடிக்கப்போகும்போதெல்லாம் “லேசாத்தான் இருக்கும், பயப்படாதீங்க” என்று சொல்லிச் சொல்லி அடிப்பாராம். “அந்தாளை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறக்க வெச்சுடணும்” என்று அக்கா பல்லைக் கடிப்பார். இந்த வருடமும் தோற்றால் கருவியை மகளுக்கே பார்சல் அனுப்பிவிடுவதாகக் கணவரிடம் சத்தியம் செய்திருந்தார். கணவர் அட்டைப்பெட்டியைத் தயாராக எடுத்துவைத்திருந்தார்.

வியாழக்கிழமை, நானூற்றுச் சொச்சம் முட்டைக்குப் பிறகு, ராக்கெட் என்ற பெயருக்கு ஏற்ற அவசரக்குடுக்கை பிறந்தது. அக்கா போட்ட கூச்சலில் டிப்போவின் டீசல் பங்க்கில் இருந்தவர் ஓடிவந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அணியின் பட்டியலைச் சுத்தமாக எழுத உட்கார்ந்தார். எழுதுவதற்கு டிப்போவின் டூட்டித்தாளைவிட நல்ல தாள் உலகத்தில் இல்லை என்பது அவர் அபிப்பிராயம்: பெயர், புறப்பாடு, வேலை, குறிப்பு என்று கட்டம் போட்டு ரெடியாக இருக்கும். அதை எழுதி முடித்து, சனிக்கிழமைக்கான உண்மையான டூட்டியையும் எழுதி முடித்து, ஒன்றைப் பலகையில் ஒட்டினார், இன்னொன்றைக் கைப்பையில் வைத்தார். பலகைக்குக் கண்ணாடிக் கதவு, பூட்டு. முன்னொரு காலத்தில் யாரோ தன் பெயரை அடித்துவிட்டு வசதியான ரூட்டில் எழுதிக்கொண்டதால் அக்காவே போட்ட பூட்டு. பூட்டினார், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எது பலகையில் இருந்தது என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அக்கா வந்தபோது பலகை முன்னால் கூட்டம். டிரைவர் ராக்கெட் பெஞ்சில் ஏறி நின்று கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தார்: “ராக்கெட். முதல் ஆளா கிளம்பணும். வேகம் பத்துக்குப் பத்து, புத்தி சுத்தமா கிடையாது!” தன்னைப் பற்றியது என்று தெரிந்தும் அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. “மழைக்காரர். உடம்பு மட்டும்தான் பெருசு. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் படுத்துடும்.”

“இது அநியாயம் அக்கா” என்று மழைக்காரர் குறுக்கே வந்தார். “போன வருஷம் ரெண்டே ரெண்டு நாள்தான் லீவு போட்டேன்.”

“போன வருஷம் மழை பெஞ்சதே ரெண்டு நாள்தாம்பா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அக்கா கைப்பையில் சாவியைத் துழாவினார். இருக்கிற சாவியெல்லாம் வந்தது, அது வரவில்லை. அதற்குள் ராக்கெட் கடைசி வரிக்கு வந்துவிட்டார். “ஸ்பேர். முன்னால நிறுத்து. எல்லா அடியும் இது வாங்கட்டும். விழுந்தா கவலை இல்லை.” வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஸ்பேர் அண்ணன் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். முன்னால் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தானே ஒரு முறை படித்தார். “சரியாத்தானே எழுதியிருக்காங்க” என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். ஹாரன் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் பழைய வண்டியை எடுக்கப் போய்விட்டார். அன்றைக்கு அதை எடுக்க ஆள் வரவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த மனிதர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. சரியான தாளை ஒட்டினார், எல்லோரையும் அனுப்பினார், பிறகு அறைக்குள் உட்கார்ந்து போன மாதத்து டூட்டித்தாள்களைப் புரட்டினார். பாதி வழியில் நின்ற வண்டிக்கு மாற்று: ஸ்பேர். அறுபது பள்ளிப் பிள்ளைகள் பாட்டும் கூத்துமாகப் போன சுற்றுலா: ஸ்பேர். பிரேக் சரிசெய்து வந்த வண்டியை முதலில் ஓட்டிப் பார்க்க: ஸ்பேர். எல்லாம் அக்காவின் கையெழுத்துதான். தலையாட்டுகிறவர் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு அண்ணன் டீ குடிக்க வந்தபோது அக்கா கருவியை அவர் முன்னால் வைத்தார்.

“அண்ணே, அது உங்களைப் பத்தி இல்ல. இது ஒரு விளையாட்டு. இந்த நத்தைக்குத்தான் உங்க பேரு.”

அவர் குனிந்து பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. என்னைவிடக் கொஞ்சம் வேகமாப் போகும்போல.” ஒரு வாய் டீ. “விழுந்தா அப்புறம் என்ன ஆகும்மா?”

“ஆட்டம் முடிஞ்சதும் எந்திரிச்சிடும்.”

“நானும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும்.” கொஞ்சம் யோசித்தார். “இவ்வளவு அடி வாங்குறதை எதுக்கு வெச்சிருக்கீங்க? வேற நல்லதா ஒண்ணு போடலாமே?”

“ஐயோ, இது இல்லாம டீமே இல்லண்ணே! மத்த அஞ்சு இடத்துலயும் எத்தனையோ மாத்திட்டேன். மூணு வருஷமா மாத்தாதது இது ஒண்ணுதான்.”

ஸ்பேர் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அதைக் குறிப்புல எழுதியிருக்கலாமேம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அக்கா திங்கட்கிழமைக்கான டூட்டித்தாளை எடுத்து, முதல் வரியிலேயே ஏரிக்கரை ரூட்டுக்கு நேராக ஸ்பேர் அண்ணன் பெயரை எழுதினார். அங்கே வழக்கமாகப் போகும் மழைக்காரர் முணுமுணுத்தார். “ஏரிப் பக்கம் எப்பவும் ஈரம். உங்க உடம்புக்கு ஆகாது” என்று ஒரே போடாகப் போட்டார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் நாற்காலிகளைவிடப் பிள்ளைகள் அதிகம். பெரும்பாலும் காலேஜ் வயசு. அவர்கள் நடுவே அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் சுற்று எளிதாகப் போனது. இரண்டாவதில் நெருப்புக் கரடி மீது ஒருவன் தண்ணீரை ஊற்றிப் படுக்கவைத்தான்; மற்றவை எப்படியோ கரை சேர்த்தன. மூன்றாவது மேஜையில் பல் டாக்டர் சிரித்தபடி எழுந்து வணக்கம் சொன்னார்.

டிப்போவிலிருந்து ஆள் வந்திருப்பதை அக்கா அப்போதுதான் பார்த்தார். ராக்கெட் முன்வரிசையில். அவருக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்பேர் அண்ணன். நேரே வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். “எங்கம்மா நம்மாளு?” என்றார். அக்கா நத்தையைக் காட்டினார்.

ஆட்டம் இழுத்தது. டாக்டர் அடித்தார், அக்கா தடுத்தார். அக்கா அடித்தார், டாக்டர் மருந்து போட்டார். ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் டாக்டரிடம் ஒரே ஒரு பாம்பு. அதற்கும் உயிர் பாதிதான், ஆனால் எவ்வளவு வேகமானதையும் முந்திக் கொத்துகிற வித்தை அதனிடம் இருக்கிறது. அக்காவிடம் இரண்டு: நூலில் தொங்குகிற உயிரோடு பல்லி ராக்கெட், அதே கதியில் நத்தை. வழி ஒன்றுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அக்கா சொல்லிவிடுவார். பாம்பு கொத்தும்போது நத்தை முன்னால் வந்து அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். நத்தை விழும். பின்னாலிருந்து ராக்கெட் ஒரு அடி. கதை முடிந்தது, பெரிய போட்டி, அட்டைப்பெட்டி பரணுக்கு. நத்தையை ஒதுக்கி நிறுத்தினால் ராக்கெட் போகும். அப்புறம் நத்தை தனியாக என்ன செய்யும்?

“லேசாத்தான் இருக்கும்” என்றார் டாக்டர்.

திரையின் ஓரத்தில் நொடிகள் குறைந்தன. முப்பது. இருபத்தைந்து. அக்காவின் விரல் நகரவில்லை. நானூறு முட்டையைக் கண்ணிமைக்காமல் ஒதுக்கிய விரல். முன்வரிசையில் டிரைவர் ராக்கெட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அக்கா, அனுப்புங்க அக்கா!”

பதினைந்து. பின்னாலிருந்து ஸ்பேர் அண்ணன் குனிந்தார். “என்னம்மா யோசனை? அதான் நான் இருக்கேன்ல. அனுப்புங்க.”

டூட்டி அக்கா இடது உள்ளங்கையை விரித்து, நத்தை நிற்கும் பக்கத்தை ஸ்பேர் அண்ணன் கண்ணில் படாமல் மூடிக்கொண்டு, வலது கட்டைவிரலால் நத்தையை முன்னால் அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.