மணப்பெண்ணை ஏற்றப்போகும் மொரிஸ் மைனருக்குப் புது அல்டர்னேட்டர்

என் மனைவி சுமதியின் தங்கை தர்ஷினிக்கு ஐப்பசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண் வீடு தம்புள்ளையில், தாலி கட்டுவது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில். முகூர்த்தம் காலை 9.10 முதல் 10.20 வரை. எங்கள் மொரிஸ் மைனரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று தர்ஷினி அடம்பிடித்தாள். சுமதியும் சரியென்று சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே பயமும்.

காரணம், காரின் டைனமோ. எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கிப் பட்டரியை நிரப்புகிற சாமான் அது. அறுபது வருஷத்துக்கு முந்திய கார் என்பதால் ஹெட்லைட்டையும் வைப்பரையும் ஒன்றாகப் போட்டால் டைனமோ திணறிவிடும். மழையில் ஒரு மணி நேரம் ஓடினால் பட்டரி இறங்கி, கார் நின்றுவிடும். இந்த வருஷத்தில் மட்டும் இரண்டு தடவை நாங்கள் நடுரோட்டில் இறங்கித் தள்ளியிருக்கிறோம். ஐப்பசி மழையில், கூறைப்புடவையோடு மணப்பெண் காருக்குள் காத்திருக்க நாங்கள் தள்ளுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைக் கூடுதல் பலத்தோடு செய்யும் அல்டர்னேட்டர் போடுவதென்று முடிவெடுத்தோம். வேலை செய்பவருக்கு ஓய்வாகக் கிடைத்தது கல்யாணத்துக்கு முந்திய சனிக்கிழமை ஒன்றுதான்.

சனி காலை 6.15க்கு எங்கள் வீடிருக்கும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து புறப்பட்டோம். மாத்தளை 21 கிலோமீட்டர், ஏழு மணிக்குப் போய்விட்டோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ, இரண்டு பேருக்கு 640 ரூபா. அங்கிருந்து அலுவிகாரை மூன்றே கிலோமீட்டர். பலீல் நானாவின் கராஜ் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. அவர் வாகன மின்வேலைக்காரர், என் வயதுதான் இருக்கும். இருந்தாலும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் நானாதான், அதாவது அண்ணன்.

வேலையைப் பார்க்க எனக்குக் கண் போதவில்லை. ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய 45 அம்பியர் அல்டர்னேட்டர் ஒன்றை அவர் துடைத்து, பெயாரிங் மாற்றி, தயாராக வைத்திருந்தார். விலை 18,500 ரூபா. அதைப் பிடித்து நிறுத்த இரும்பில் ஒரு தாங்கி வெட்டினார், அதற்கு 4,000. அதைச் சுற்றவைக்கும் பான்பெல்ட் 1,800. என் காரில் பட்டரியின் பிளஸ் முனைதான் பொடியோடு, அதாவது காரின் உடம்போடு, சேர்ந்திருந்தது, பழைய கார்களில் அப்படித்தான். அல்டர்னேட்டருக்கு மைனஸ் முனை சேரவேண்டும். பட்டரியைத் திருப்பி வைத்தார், எஞ்சினைப் பற்றவைக்கும் கொயிலின் வயர்களை இடம் மாற்றினார், போன் சார்ஜ் பண்ண ஒரு சின்ன சொக்கெட்டும் பூட்டினார். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு வோல்ட் மீட்டர் வைக்கச் சொன்னது நான்.

இங்கேதான் என் முட்டாள்தனம் புகுந்தது. டைனமோவிலிருந்து பட்டரிக்குப் போகும் பழைய வயர், நூல் சுற்றிய பழுப்பு வயர், பார்க்க அவ்வளவு வடிவு. பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில் பொனட்டைத் திறந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன். அதைக் கழற்றவேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"சேர், இது இருவது அம்பியருக்குப் போட்ட வயர். புதுசு அதப்போல ரெண்டு மடங்கு தள்ளும். சூடாகுங்க" என்றார் நானா.

கல்யாணம் முடியட்டும், பிறகு மாற்றலாம் என்றேன். அவர் சுமதியைப் பார்த்தார். சுமதி என்னைப் பார்த்தாள். கார் என்னுடையது என்பதால் நானா பழைய வயரையே அல்டர்னேட்டரில் பூட்டினார். கூலி 7,500.

பகல் 1.15க்குத் தம்புள்ளைக்குக் கிளம்பினோம். பலாபத்வெல தாண்டியதும் மழை கொட்டியது. ஹெட்லைட்டைப் போட்டேன், வைப்பரைப் போட்டேன். வோல்ட் மீட்டர் முள் 14ஐ விட்டு அசையவில்லை. முன்பெல்லாம் செத்தவன் கைபோல ஆடும் வைப்பர் இப்போது விறுவிறுவென்று அடித்தது. நான் வாய்விட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன்.

மாத்தளையிலிருந்து 24வது கிலோமீட்டர், நாலந்தா. ஏதோ கருகுகிற மணம் வருகிறது என்றாள் சுமதி. முன்னால் போகும் லொறியின் பிரேக் என்று சொல்லி முடிப்பதற்குள் பொனட் இடுக்கில் புகை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சுமதிதான் ஸ்பேனரை எடுத்து, மழையில் நனைந்துகொண்டே பட்டரி முனையைக் கழற்றினாள். புகை அடங்கியது. என் வடிவான வயர் ஒரு சாண் நீளத்துக்குக் கருகிக் கிடந்தது. அங்கிருந்து பெற்றோல் குழாய் நாலு விரல் தூரம்.

நானாவுக்குப் போன் பண்ண வெட்கமாக இருந்தது. பண்ணினேன். அவர் ஏசவில்லை. தீ இல்லையே, பட்டரியைக் கழற்றியாச்சா என்று மட்டும் கேட்டார். 3.20க்குத் தம்புள்ளை பஸ் ஒன்றிலிருந்து, ஒரு தோளில் தடித்த சிவப்பு வயர்ச் சுருளும் மறு தோளில் குறடும் ஸ்பேனரும் நிறைந்த ஆயுதப் பையுமாக இறங்கினார். பக்கத்துச் சில்லறைக்கடைக்காரர் தன் தகரக் கூரைக்குக் கீழே காரைத் தள்ளிவிட இடம் கொடுத்தார். பழைய வயரில் கருகாத பகுதியையாவது விட்டுவைக்க முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"சேர், நாளைக்குக் கல்யாணம்" என்றார் அவர், தலை நிமிராமலே. நான் டோர்ச்சைப் பிடித்தேன்.

அல்டர்னேட்டரிலிருந்து பட்டரிக்கு நேராக ஒரு தடித்த வயர், நடுவில் 60 அம்பியர் பியூஸ், எஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில் புதிதாக ஓர் எர்த் வயர். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, இருக்கிற லைட் எல்லாவற்றையும் போட்டு, இருபது நிமிஷம் ஓடவிட்டார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எங்கள் மூன்று பேருடைய கையும் அந்த வயரில் இருந்தது. சூடே இல்லை. எதற்கும் இருக்கட்டுமென்று நானா நாவுல வரைக்கும் பின்சீட்டில் வந்து, அங்கே இறங்கி, மாத்தளை பஸ்ஸைப் பிடித்தார். இறங்கும்போது, கல்யாணத்துக்கு மனைவியோடு வரவேண்டும் என்று சுமதி அவரிடம் சொன்னாள்.

ஞாயிறு காலை 6.50க்குத் தம்புள்ளையில் கிளம்பினோம். 45 கிலோமீட்டர். மரக்கறி லொறிகள் வரிசையாகத் தண்ணீரை வாரியடித்தன. மழை நாவுலவிலேயே பிடித்துக்கொண்டது. ஹெட்லைட், வைப்பர், போதாததற்குக் கண்ணாடியில் படிந்த புகாரைப் போக்க ஒரு சின்ன காற்றாடி. பின்சீட்டில் பூவும் நகையுமாக இருந்த தர்ஷினி, "அத்தான், போன் செத்துப்போச்சு. சார்ஜ் போடலாமா?" என்று கேட்டாள்.

நேற்றுவரை இந்தக் காரில் அப்படி ஒருவர் கேட்டிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன். போடு என்றேன். முள் 14ல் அப்படியே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கையைக் கட்டிக்கொடுக்கிற துக்கம் என்று நினைத்து சுமதி என் தோளைத் தட்டினாள்.

8.25க்குக் கோயில் வாசல். நாதஸ்வரக்காரர்கள் தொடங்குவதற்குள் வெள்ளைச் சட்டையில் பலீல் நானா வந்து பொனட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளங்கையை வயரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். "குளுந்துதான் இரிக்கி" என்று தன் மனைவியிடம் சொன்னார். தாலி 9.35க்கு ஏறியது.

பழைய காரில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு: அல்டர்னேட்டரை வாங்கும்போதே வயரையும் வாங்கிவிடுங்கள். நல்ல வயர், பியூஸ், எர்த் எல்லாம் சேர்த்து எனக்கு 5,200 ரூபா. வேலை முடிந்த அன்றே தூரப் பயணம் வேண்டாம், எல்லா லைட்டையும் போட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே ஓட்டிப் பாருங்கள். பட்டரி முனைக்குப் பொருந்துகிற ஸ்பேனர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, மனுஷருக்கும் இல்லை.

திரும்பி வரும்போது சுமதி ஓட்டினாள். நான் இடதுபக்க சீட்டில் கண்ணாடியோடு தலையைச் சாய்த்து மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தக் காரில் மழையை ரசித்தது அன்றைக்குத்தான்.