தகரக் கொட்டகையில் பழகிய ஆட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அரங்கில் இறகுப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். ஜெயித்தால் ஒரு கம்பெனி அணி எங்கள் ஜோடியைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். தோற்றால் மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர வேண்டும். வேலைக்கான கடிதம் வந்திருந்தது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியவளும் நான்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்.

இரட்டையரில் என்னுடன் ஆடும் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் வீட்டில் தெலுங்கு, வேலையிடத்தில் கன்னடம், என்னிடம் தமிழ். ஷிப்டு முடிந்த கையோடு மட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நாங்கள் பழகியது, மூடிப்போன ஒரு பட்டறையின் தகரக் கொட்டகையில். கூரை தாழ்வு. இறகுப்பந்து கொஞ்சம் உயர்ந்தாலும் இரும்புச் சட்டத்தில் இடித்து விழும், புள்ளி போய்விடும். அதனால் வலைக்கு ஒரு சாண் மேலே, விருட்டென்று நேராக அடிப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஆட்டம்.

பெங்களூரு அரங்கில் கூரை எங்கேயோ இருந்தது. அவ்வளவு இடத்தைப் பார்த்ததும் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. உயர உயரத் தூக்கி அடித்தோம். எதிரே இருந்த இருவரும் நல்ல உயரம். நாங்கள் தூக்கித் தந்ததையெல்லாம் எங்கள் காலடியிலேயே இறக்கினார்கள். முதல் செட் 9–21.

இடைவேளையில் அக்கா தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார்.

"ஏன்டி, வானத்துக்கு அடிக்கிறியே, அங்க எவளாவது வாங்கறதுக்கு நிக்கிறாளா?"

"நீங்களுந்தானக்கா அடிச்சீங்க."

"நானும் கழுததான். இனிமே மேல தகரம் இருக்குது. அவ்ளோதான்."

முதல் தடவையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த அப்பா பார்வையாளர் மாடத்திலிருந்து கத்தினார்: "பேசினது போதும் பாப்பா! அந்தப் பொண்ணுங்க காத்துட்டிருக்குதுங்க!"

இரண்டாவது செட்டில் எங்கள் பந்து ஒன்றுகூடத் தலைக்கு மேலே போகவில்லை. தோளுக்கும் இடுப்புக்கும் குறிவைத்து அடித்தோம். எதிரணியின் நீண்ட கைகளுக்கு மடங்க நேரமில்லை. 21–16. மூன்றாவதில் இரு பக்கமும் புள்ளிக்குப் புள்ளி மாறிமாறி ஏறியது. 20–19, நாங்கள் முன்னிலை. நேர் அடி, நேர் அடி, மறுபடி நேர் அடி. திணறிப்போன எதிராளி பந்தை அரைகுறையாகத் தூக்கினாள்.

"எனக்கு!"

அக்காவின் குரல் கேட்டதும் குனிந்துவிட்டேன். என் தலைக்கு மேலே காற்று கிழிந்தது. நிமிர்ந்தபோது பந்து எதிர்ப்பக்கத் தரையில் கிடந்தது.

நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். ஆட்டம் முடிந்தது அப்பாவுக்குத் தெரியவில்லை. "குதிக்காதீங்க, அடுத்ததப் போடுங்க!" என்றார்.

கம்பெனி அணியின் மேலாளர் படிவம் கொண்டுவந்தார். அதில் தொழில் என்று ஒரு கட்டம். 'பேட்மின்டன் வீராங்கனை' என்று எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணிப்போனது. ஆனாலும் எட்ட நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

அப்பா இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு ஷிப்டு?"

"இல்லப்பா. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கே இங்க பயிற்சி."

"அஞ்சா?" என்றார். "ஏம்மா, ஓசூர் கம்பெனில ஆறு மணின்னுதான சொன்னாங்க?"

அக்கா சிரித்த சிரிப்பில் அரங்கமே திரும்பிப் பார்த்தது.