சப்வூஃபருக்கு ஒரு மூலை

தளவாடம் எதையும் வாங்குமுன், அதை வைக்கப்போகும் இடத்தின் உரிமையாளரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். பணிக்காலம் முழுக்க இந்த விதியைக் காட்டிப் பலருடைய அலமாரிகளைத் திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வு பெற்றபின் எனக்கென்று ஸ்பீக்கர் வாங்கியபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. வீடு மனைவி பெயரில் இருக்கிறது.

மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கியது முறைப்படிதான். துணைக்கு மச்சினன் வந்தான். போடியில் ஏலக்காய் வியாபாரி. ஜோடி ஸ்பீக்கரை நான் காதால் தேர்ந்தெடுத்தேன். அடித்தொனிக்கான சப்வூஃபரை அவன் கையால் தேர்ந்தெடுத்தான். ஒரு லிட்டர் அளவில் எவ்வளவு எடை நிற்கிறது என்று பார்த்துத்தான் ஏலக்காய்க்குத் தரம் சொல்வார்கள். அதே கணக்கில் கடையிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

"இது சொத்தை மச்சான். உள்ள ஒண்ணுமில்ல."

"பாட்டுப் போட்டுக் காட்டவாண்ணே?" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் எதுக்கு? இதவிடக் கனத்த மால் இருந்தா கொண்டா."

இருந்ததிலேயே கனத்ததைச் சுமந்து வந்தோம். ஹாலின் மூலையில், அடுத்த ஏலத்துக்காக மச்சினன் இறக்கிவைத்த ஏலக்காய் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. எங்கே வைக்கப் போகிறேன் என்று மனைவி கேட்டாள். மூலையைக் காட்டினேன்.

"அப்ப மூட்டைய உங்க தலையில வைக்கவா?"

பெட்டி வராந்தாவுக்குப் போனது. அது இல்லாமல் தவில், யாரோ அட்டையைத் தட்டுவதுபோல் கேட்டது. வீட்டில் உட்கார்ந்து ஒரு தவிலை முழுதாகக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். எனவே மூலையில் இரண்டடி ஒதுக்கக் கோரி, மச்சினன் பரிந்துரையுடன், மனைவிக்கு மனு எழுதினேன். "பாக்கலாம்" என்றாள். அந்தச் சொல்லின் முழுப்பொருளும் தெரிந்த துறையில் வேலை பார்த்தவன் நான். நினைவூட்டல் அனுப்பினேன். அது என்னிடமே திரும்பி வந்தது. பின்பக்கத்தில் துவரம்பருப்பு, புளி, கடுகு.

ஆடியில் மலையிலிருந்து புதுக்காய் ஜீப்பில் இறங்கியதும் வராந்தாவும் நிரம்பியது. மனைவி சப்வூஃபர்மேல் தாம்பாளத்தை வைத்து, அதன்மேல் சல்லடையை வைத்து, காயைக் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்த இடைவெளியில் சோதனை ஓட்டம் என்று வயரைச் செருகித் தவிலைப் போட்டேன். பெட்டி கிடுகிடுத்தது. சல்லடையில் காய்கள் துள்ளின. பொடிக்காய் தாம்பாளத்தில் உதிர, பருங்காய் மேலே நின்றது.

மனைவி கரண்டியோடு வந்து, வாசிப்பு முடியும்வரை நின்று பார்த்தாள்.

"எந்தம்பி கனமாத்தேன் எடுத்திருக்கான்" என்றாள். பிறகு மூலையிலிருந்த மூட்டையைத் தானே இழுத்து நகர்த்தினாள். "இங்கின வச்சுக்கங்க. ஆனா காய் சலிக்கையில தாலாட்டுக் கீலாட்டுப் போட்டீகன்னா வயரப் புடுங்கிருவேன்."

மனு நிபந்தனையுடன் ஏற்கப்பட்டது. பதில் வந்த நாள், ஆடி பதினெட்டு.